முன்னறையைக் காலி செய்ததில் நான் காலமான விவரம்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
17-5-1964, ஞாயிறு காலை

பம்பாய் மாதுங்காவில் ரயில்வே பட்டறை ஃபிட்டரும், என் மனைவி சரசுவின் கூடப் பிறந்த அண்ணனுமான மகாகனம் பொருந்திய மச்சான் சின்னப்பா அவர்களுக்கு, பெருமாள்சாமி இரு கை கூப்பி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான் நலம். எல்லாக் கடிதத்திலும் இதை வழக்கத்துக்கு எழுதுவேன், இந்த முறை நிஜமாகவே சொல்கிறேன். நேற்று உங்களுக்கு வந்த தந்தியில் நான் காலமாகிவிட்டதாக இருந்திருக்கும். அது தவறு. மறுதந்தி அடித்தால் எதை நம்புவது என்று குழம்புவீர்களே என்றுதான் என் கையெழுத்திலேயே எழுதுகிறேன். அக்காவின் நலத்தையும், ராணுவத்தில் இருக்கும் தங்கள் குமாரன் அசோகனின் நலத்தையும், உயிரோடு இருக்கிறவனுக்கு உரிய ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.

மச்சான், என் மகள் தனலக்ஷ்மி பெண்கள் பாலிடெக்னிக்கில் இன்டீரியர் டெக்கரேஷன் படிப்பது உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "நாற்காலியை இங்கேயிருந்து அங்கே நகர்த்த ஒரு காலேஜா? நிறுத்து. தையில் அசோகனுக்கு லீவு, கல்யாணத்தை முடித்துவிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் தங்கச்சி, "அண்ணன் கையால சரின்னு எழுதி வந்தாத்தான் ரெண்டாம் வருஷம், இல்லன்னா இதோட நின்னுக்க" என்று பெண்ணிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். நான் கிளப்பில் இருபத்திரண்டு வருஷமாக ஹெட் பேரர். துரைகள் காலத்திலேயே முந்நூறு பேர் விருந்துக்கு மேஜை போட்டவன். எந்த நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்பது எத்தனை பெரிய வித்தை என்று எனக்குத் தெரியும். ஆகவே இந்த விஷயத்தில் நான் எடுத்த முடிவு உறுதியானது. அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் நான் செத்த கதை.

முதல் வருஷப் பரீட்சையில் ஒரு பங்கு, அவரவர் வீட்டு முன்னறையை அங்கே வசிக்கிறவர்களுக்குத் தோதாக மாற்றி அமைப்பது. மௌரீன் என்ற ஆங்கிலோ இந்திய டீச்சர் சனிக்கிழமை நாலு மணிக்கு நேரில் வந்து பார்த்து மார்க் போடுவார். நம் முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு. தனம் காலையிலேயே கட்டில், பீரோ, பெஞ்சு, அலமாரி, சாமி படம் எல்லாவற்றையும் தெருவில் இறக்கிவிட்டாள். சரசு சுவருக்கு வெள்ளையடித்தாள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்து, தாரை தாரையாகத் தண்ணீர் கொட்ட முந்தானையால் துடைத்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தாள். தனம் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, நீங்க நீட்டிப் படுத்தா எவ்ளோ இடம் வேணும்னு அளக்கணும், இப்படித் தரையில படுங்க" என்றாள். படுத்தேன். முந்தின நாள் கிளப்பில் பெரிய விருந்து, நின்று நின்று கால் ஓய்ந்திருந்தது, தரையோ குளுகுளுவென்று இருந்தது, அவள் தலையிலிருந்து கால்வரைக்கும் டேப் பிடித்து முடிப்பதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா எதிர்வீட்டுக் கன்னடக்கார சந்திரம்மா வர வேண்டும்? சாமான் எல்லாம் தெருவில், பெஞ்சு வாசலில், சரசு கண்ணீரும் கம்பலையுமாக, உள்ளே நான் நெடுஞ்சாண்கிடையாக, பெண் என்னை அளந்துகொண்டிருக்கிறாள். பாடைக்கு அளவெடுக்கிறார்கள் என்று யாருக்குத்தான் தோன்றாது? "அய்யோ தேவரே! பெருமாள்சாமி அண்ணன் போயிட்டாருப்பா! நேத்துகூட சென்னாகி, நல்லா சிரிச்சுப் பேசினாரே!" என்று தெருவே அதிரக் கத்தினாளாம். வெள்ளையடித்த களைப்பில் சரசு, "ஆமா, என்னத்தைச் சொல்ல, விடியக்காலைலேர்ந்து இதே பாடுதான்" என்றாளாம். அது போதாதா? பக்கத்து வீட்டு ரெமிஜியஸ் நல்ல மனுஷன், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் உதவி செய்கிறவன். நம் சொந்தபந்தத்தின் விலாசம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் பறந்துவிட்டான். ஒரு மணி நேரத்துக்குள் நீலசந்திராவிலிருந்து தப்பட்டைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

தப்பட்டைச் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தேன். கழுத்தில் இரண்டு மாலை. சந்திரம்மா மயக்கம் போட்டு விழுந்தாள். கிளப்பிலிருந்து வந்திருந்த வெங்கடராமன், என் கீழே வேலை பார்க்கிற பேரர், அடுத்த ஹெட் பேரர் என்று மனதுக்குள் உடுப்பே தைத்துக்கொண்டவன், "ரொம்ப சந்தோஷம் அண்ணே" என்று அழுதான். அவன் எதற்கு அழுதான் என்பது எனக்குத் தெரியும். வந்தவர்கள் யாரும் போகவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் குளிக்காமல் தங்கள் வீட்டுக்குள் போகக்கூடாது, ஆனால் இது துக்க வீடே இல்லை, அப்படியானால் குளிக்க வேண்டுமா வேண்டாமா என்று பெரிய வழக்கு நடந்தது. மணி மூன்றரை. பெண்ணின் முகத்தைப் பார்த்தேன் மச்சான். ஒரு வருஷப் படிப்பு தெருவில் கிடக்கிறது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "எங்கப்பாவைத் தூக்க வந்தவங்க நாலு பேரும் இப்படி வாங்க, பீரோவைத் தூக்குங்க" என்றாள். தூக்கினார்கள். அலமாரி சுவரில் ஏறியது, கட்டில் மூலைக்குப் போனது, பெஞ்சுகள் மற்ற மூன்று சுவர்களையும் ஒட்டி ஓடின. கிளப்பில் நான் அதட்டுவது போலவே அதட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நாலு மணிக்கு மௌரீன் டீச்சர் வந்தபோது அந்தப் பத்துக்குப் பன்னிரண்டில் முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் முழங்காலும் யார்மேலும் இடிக்கவில்லை. சரசு அடுப்படிக்கும் வாசலுக்குமாகத் தட்டோடு போய் வர வழி இருந்தது. டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். "எத்தனை பேருக்கும்மா இந்த ரூமை பிளான் பண்ணினே?" என்றார். தனம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "தினப்படிக்கு மூணு பேர் மிஸ். நல்லது கெட்டதுக்கு முப்பது பேர். எங்க வீடுங்கல்ல அதையும் சேர்த்துத்தான் அளக்கணும்." டீச்சர் நோட்டில் வெகுநேரம் எழுதினார். "மத்தப் பொண்ணுங்க எல்லாம் பூச்சாடிக்குத்தான் இடம் பார்த்தாங்க" என்று சொல்லிவிட்டு, என் கழுத்து மாலையைப் பார்த்து, "ஹேப்பி பர்த்டே" என்றார். வகுப்பிலேயே முதல் மார்க் என்று அப்போதே சொல்லிவிட்டார், மச்சான்!

ஆகவே என் முடிவு இது. தனம் இரண்டாம் வருஷம் படிப்பாள். தையில் கல்யாணம் கிடையாது. தகப்பன் நான் உயிரோடு குத்துக்கல் மாதிரி இருக்கும்போது இதில் யாருடைய சம்மதமும் தேவையில்லை. யாருக்கும் நான் பயப்படவில்லை. பதறிக்கொண்டு ரயில் ஏறிவிட வேண்டாம். தாங்களும் அக்காவும் நோய்நொடி இல்லாமல், ஒரு பொய்த் தந்திகூட வராமல் நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உயிருள்ள மைத்துனன்,
பெருமாள்சாமி

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் உங்கள் தந்தி வந்தது. "தாங்க முடியவில்லை. வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறேன். கல்யாணப் பேச்சு இப்போது வேண்டாம். தனம் படிப்பை முடிக்கட்டும். இனி வீட்டுக்கு அவள்தான் துணை." நீங்கள் எனக்காக அழுதிருக்கிறீர்கள் என்று அந்தத் தந்தி ஆங்கிலத்திலேயே தெரிகிறது மச்சான். நானும் அழுதுவிட்டேன். உயிரோடு இருந்து ஒரு வருஷமாக நான் எழுதிய ஏழு கடிதத்தில் ஆகாதது, ஒரு மத்தியானம் செத்ததில் ஆகிவிட்டது. சரசு மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "அண்ணன் சொல்லிட்டாரு, இனி அதுக்கு மறுபேச்சு இல்ல. அடுத்த வாரம் பேர் பதியிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க. தாலியை மட்டும் நான் கழட்ட மாட்டேன்" என்கிறாள். ஆகையால் இதைத் தபாலில் போடவில்லை. பதினாறாம் நாள் நீங்கள் வந்து இறங்கும்போது வாசலில் நானே நின்று உங்கள் கையில் கொடுப்பேன். அடிப்பதானால் அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். தந்தியை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள், அதைச் சரசு தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.