நெரிசலுக்கு ஆள் சேர்த்தவர்

உங்கள் தெருவிலும் ஒரு பெட்டிசக்காரர் இருப்பார். இல்லையென்று சொல்லாதீர்கள், யாரென்று இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்த வீட்டு மதிலில் ஒரு கல் கூடினாலும், எதிர் வளவு மாமரத்தில் ஒரு கிளை நீண்டாலும், யாரோ ஒருவருடைய சேவல் சுபஹுத் தொழுகைக்குப் பத்து நிமிடம் முந்திக் கூவினாலும், கோடு போட்ட தாளை எடுத்து, திகதியிட்டு, 'பொதுமக்கள் நலன் கருதி' என்று மனு எழுதத் தொடங்குவார். அந்தப் பொதுமக்கள் யார்? அவர்தான்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில் குடியிருக்கும் மீராசாஹிபு. கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் பிறர் அனுப்பிய பெட்டிசங்களை ஃபைலில் கோத்தவர். ஓய்வுபெற்ற மறுநாளே சொந்தமாக எழுதத் தொடங்கிவிட்டார்.

அவருக்கு அடுத்த வளவு ஸகியாவுடையது. அவளுடைய கணவர் ஜெமீல் கட்டாரில் கட்டட வேலையின்போது விழுந்து, இடுப்பு முறிந்து வந்து கட்டிலில் கிடக்க, அவள் முன் ஹோலைக் காலிசெய்து அபாயாவும் பிள்ளைகளின் உடுப்பும் விற்க ஆரம்பித்தாள். முறைப்படி மாநகர சபைக்கு விண்ணப்பமும் போட்டாள். குடியிருக்கும் வீட்டில் கடை வைக்க அயலவருக்கு ஆட்சேபனை உண்டா என்று கேட்டு, சபை மீராசாஹிபுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அதுவரை அவரிடம் யாரும் ஆட்சேபனையைக் கேட்டு வாங்கியதில்லை. கடிதத்தை மூன்று தரம் வாசித்தார்.

பதினொரு பக்கம் எழுதினார். வாகன நெரிசலால் ஒழுங்கை மூச்சுத் திணறுகிறது; கடை எங்கேயென்று ஆட்கள் தம்மிடம் கேட்பதால் தாம் ஒரு பெயர்ப்பலகையாக மாறிவிட்டார்; கடை வெளிச்சத்தில் தம் பூனைக்கு இரவு பகல் தெரியவில்லை. அயலவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். இடாவிட்டால் அடுத்த பெட்டிசம் யாரைப் பற்றியதாக இருக்கும்?

ஸகியா அவரிடம் நேரில் வந்தாள். கடையை மூடச் சொன்னால் ஜெமீலின் மருந்துக்கு வேறு வழியில்லை என்று அமைதியாகச் சொன்னாள். போகும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"சாச்சா, நீங்க எழுதிரிக்கிற சனம் உண்மையா வந்தா, எனக்கு இந்தக் கஸ்டமே இல்லயே."

அந்தச் சொல் அவரைக் குடைந்தது. அவள்மேல் இரக்கமா? இல்லை. அவள் சொன்னது சரி என்பதுதான். ஒரு நாளைக்கு நான்கு பேர் வந்தால் அதிகம். வியாழக்கிழமை பத்து மணிக்குச் சபை அதிகாரி பார்வையிட வருகிறார். வந்து பார்த்தால் ஒழுங்கையில் ஒரு ஆடுதான் நிற்கும். பதினொரு பக்கமும் பொய்யாகிவிடாதா?

ஆகவே மீராசாஹிபு, உண்மையை நிலைநாட்டும் நோக்கத்துடன், ஆள் சேர்த்தார். மனைவி முனவ்வறாவின் சகோதரிமாரை மருதமுனையிலிருந்து வேன் பிடித்து வரச் சொன்னார். மச்சான்மாரை மோட்டார் சைக்கிளோடு கூப்பிட்டார். கந்தோரில் கூட வேலை செய்த பாண்டிருப்புக் குணம் என்பவரை ஓட்டோவோடு அழைத்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

வியாழன் ஒன்பதரைக்கே ஒழுங்கை அடைத்துக்கொண்டது. மீன்காரர் திரும்பிப் போனார். பெண்கள் எவ்வளவு நேரம்தான் வெயிலில் நிற்பது? நிழலுக்கென்று ஸகியாவின் ஹோலுக்குள் போனார்கள். போனவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டவர்கள் அளவு கேட்டார்கள். உள்ளறையில் ஜெமீல், கட்டிலில் கிடந்தபடியே, பைகளில் உடுப்பு மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் சிரித்ததை ஸகியா அன்றுதான் கண்டாள்.

அதிகாரி றிஸ்மி, மோட்டார் சைக்கிளைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்து, முதலில் கண்ட குணத்தை விசாரித்தார்.

"சாமான் வாங்கவா வந்த?"

"இல்ல சேர்," என்றார் குணம். "நெரிசலுக்கு வந்த. மீராசாஹிபுதான் வரச் சொன்னவர்."

வேன்காரரும் அதையே சொன்னார். மச்சான்மாரும் மறுக்கவில்லை. அதிகாரி மீராசாஹிபிடம் வருவதற்கும், முனவ்வறா கடைக்குள்ளிருந்து வந்து நான்கு பைகளை அவர் கையில் கொடுத்து, "கொஞ்சம் புடிங்க" என்று மறுபடி உள்ளே போவதற்கும் சரியாக இருந்தது.

இந்தக் கடையால் அவருக்கு என்ன பாதிப்பு என்று அதிகாரி கேட்டார். அவருடைய இனத்தார் எல்லோரும் சொல்லும் பதிலை, நான்கு பைகளையும் தூக்கிக்கொண்டே, மீராசாஹிபு சொன்னார்.

"எனக்கெண்டு ஒண்டுமில்ல. ஊருக்காகத்தான் எழுதின."

முறைப்பாட்டாளருக்குப் பாதிப்பில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் ஸகியாவுக்கு அனுமதி வந்தது, ஒரேயொரு நிபந்தனையோடு: ஒழுங்கையில் மீராசாஹிபு ஆள் கூட்டக்கூடாது.

சிரித்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக் கடப்படி வாசலில் ஏதோ வந்து நின்ற சத்தம் கேட்டு எழும்பிப் போனீர்களே, எத்தனை பேர் இறங்கினார்கள்? பார்த்தீர்களா, எண்ணிக்கை சரியாகச் சொல்கிறீர்கள். பேனையைத் தேட வேண்டாம். உங்கள் கையில்தான் இருக்கிறது.