ஜப்பான் விருந்தும் ஒரு நாற்காலியும்

இடுப்பு வலி தினமும் அவருக்கு முன்னாலேயே எழுந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாகச் சிமெண்டு மூட்டை தூக்கிய லோடுமேனுக்குக் கம்பெனி கொடுத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

இப்போது எடைமேடையில் சீட்டு எழுதும் வேலை காலி. அதற்கு நாற்காலி உண்டு, சாய்ந்துகொள்ள முதுகு உள்ள நாற்காலி. அதில் யார் உட்காருவது என்று முடிவு செய்பவர் சூப்பர்வைசர். அவருக்கோ உலகத்தில் பேச இரண்டே விஷயம். ஒன்று ஜப்பான் சாப்பாடு. மற்றது, அதன் அருமை தெரியாத மற்றவர்கள்.

"நீங்கள்லாம் வயித்துக்குத் திங்கறீங்கப்பா," என்பார், சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் டப்பாவையும் எட்டிப் பார்த்து. "நான் வாரத்துல மூணு நாள் அந்த ஜப்பான் ஓட்டல்லதான். அந்த இஞ்சி இருக்கே, ரோஜா இதழாட்டம். அந்தப் பச்சை விழுது... சொன்னா உங்களுக்குப் புரியாது."

லோடுமேனுக்குப் புரியவேண்டியது புரிந்தது. "ஞாயித்துக்கிழமை மதியம் நம்ம வீட்டுக்கு வாங்க சார். ஜப்பான் சாப்பாடு," என்று சொல்லிவிட்டார். வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தவர் யாருமில்லை என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.

"உங்க நாற்காலிக்காக என்னை அடுப்புல ஏத்திட்டீங்க," என்றாள் மனைவி. "என் தம்பியைக் கேளுங்க. அவன் அந்த ஓட்டல்லதானே இருக்கான்."

மச்சினன் அங்கே தட்டு கழுவுகிறான். சமையலறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. சமைப்பதையும் பார்த்ததில்லை, சாப்பிடுவதையும் பார்த்ததில்லை. திரும்பி வரும் தட்டைத் தவிர வேறெதையும் பார்த்திராததால் மிக உறுதியாகப் பேசினான்.

"இஞ்சிதான் மாமா முக்கியம். குமிச்சு வெப்பாங்க. அப்புறம் பச்சை விழுது, எலுமிச்சம்பழ அளவு. சோயா சாஸ் கிண்ணம் நிறைய. மீன் சும்மா பேருக்கு. பாதித் தட்டுல மீனே இருக்காது."

"மீன் இல்லாம எப்படிடா?" என்றாள் அக்கா.

"நான் தினம் முந்நூறு தட்டு பார்க்கறேன். நீ எத்தனை பார்த்திருக்க?"

கணக்கில் தோற்றவள், நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஓட்டலுக்குப் போனார்கள். எட்டுத் துண்டு சூஷி வந்தது, கடல்பாசித் தாளில் சுருட்டிய ஒட்டுச் சோறும் மீனும். ஓரத்தில் இஞ்சி இரண்டே சீவல், பச்சை விழுது பட்டாணி அளவு. குச்சியால் பிடித்த முதல் துண்டு லோடுமேனின் சட்டைப் பைக்குள் போயிற்று. மீதி ஏழையும் கையால் தின்றார்கள். வீட்டுக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டார்கள்.

"நீ சொன்ன மாதிரி இல்லையே மாப்ளே. மீன்தான் நிறைய."

மச்சினன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். "உங்க மூஞ்சியப் பார்த்து இஞ்சியைக் குறைச்சிட்டாங்க. நான் பெரிய மனுஷங்க தட்டைக் கழுவறவன் மாமா. எனக்குத் தெரியாதா?"

அது நியாயமாகவே பட்டது. எங்கே போனாலும் குறைத்தே வாங்கிப் பழகியவர்கள் அதற்கு மேல் என்ன சந்தேகப்படுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வேலைக்குப் போய்விட்டான். மனைவி வடித்த சோறு உதிரி உதிரியாக வந்தது.

"ஒட்டணும்டி. குழைய விடு."

"கல்யாணமான நாள்லேர்ந்து சோறு குழைஞ்சா தட்டைத் தள்ளினீங்க. இன்னிக்குக் குழையலன்னு கத்தறீங்க. எது வேணும்னு எழுதிக் குடுத்துடுங்க."

இன்னும் தண்ணீர் ஊற்றினாள். சோறு பசையாயிற்று. கடல்பாசித் தாளில் வைத்துச் சுருட்டினால் தாள் ஊறிக் கிழிந்தது. கெட்டிப்படுத்த மாவு சேர்த்தாள். உருண்டை கையை விட்டு வர மறுத்தது. கடைசியில் அதைத் தட்டில் பூசி, மேலே ஒரு கிலோ இஞ்சியைச் சீவிக் குவித்து, நடுவில் பச்சை விழுதை உருட்டி வைத்து, நாலு துண்டு மீனை ஓரமாகச் செருகினார்கள். வாழ்க்கை முழுக்கச் சிமெண்டோடு இருந்தவர் என்பதால் பூச்சு மட்டும் சமமாக வந்தது.

சூப்பர்வைசர் வந்தார். தட்டைப் பார்த்தார். லோடுமேனுக்கு அந்த ஒரு நிமிஷம் இடுப்பு வலிகூடத் தெரியவில்லை.

சூப்பர்வைசர் ஒரு கரண்டி விழுதை வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். காது மடல் சிவந்தது. மனைவி சொம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வேண்டாம்மா." அவர் கையைக் காட்டி நிறுத்தினார். குரல் வர நேரமாயிற்று. "அசல். இஞ்சி இந்த அளவு இருக்கணும். நான் பார்த்த தட்டெல்லாம் இப்படித்தான்."

"மீன் கொஞ்சம் கம்மிதான் சார்," என்றார் லோடுமேன்.

"மீன் எதுக்கு? அது தெரியாதவன் திங்கறது."

இஞ்சிக் குவியலில் முக்கால்வாசியை முடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இந்த ருசி தெரிஞ்ச ஆளு மூட்டை தூக்கக் கூடாதுய்யா. நாளைக்கே நாற்காலியில உட்காருங்க."

மனைவி உள்ளே திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விழுதின் நெடி பாதி, நாற்காலி பாதி.

வாசலில் சூப்பர்வைசர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மச்சினன் வந்தான். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. அவரைப் பார்த்ததும் படியிலேயே நின்றான். சூப்பர்வைசரின் ஒரு கால் செருப்புக்குள் போகாமல் அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, வயித்துவலின்னு லீவு சொல்லிட்டு இங்கயா இருக்கீங்க? ஓட்டல்ல உங்க தொட்டித் தட்டையும் சேர்த்து நான்தான் கழுவிட்டு வர்றேன், ஒரு ஷிப்டு எனக்குப் பாக்கி."