ஐந்தடிக் கடலுக்குக் கற்பூரம் காட்டிய கதை

"இதுக்கு மேல போகாதே" என்று யாராவது கோடு போட்டுக் காட்டினால் எனக்குப் பிடிக்காது. சாலையில் பிடிக்காது, வங்கியில் பிடிக்காது, சோற்றுத் தட்டிலும் பிடிக்காது. இந்தக் குணத்தால் எனக்கு இதுவரை ஒரு நல்லதும் நடக்கவில்லை. அவமானங்கள் மட்டும் வரிசையாக நடந்திருக்கின்றன. அதில் பெரியதைத்தான் சொல்லப் போகிறேன். என் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் இதைச் சொல்லிக்கொண்டு திரிவதால், நானே எழுதிவிடுவது நல்லது. அவர்கள் சொல்வதில் பாதி பொய். மீதிப் பாதி உண்மை, அதுதான் இன்னும் மோசம்.

கிள்ளானில் எனக்கு லோரி பழுது பார்க்கும் வொர்க்‌ஷாப் இருக்கிறது. பம்ப், பைப், எண்ணெய், அழுத்தம், இதெல்லாம் என் சோறு. பத்து சக்கர லோரி பிரேக் பிடிக்காமல் வந்தால், சத்தத்தை வைத்தே எங்கே கசிகிறது என்று சொல்வேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியத்துக்கு "பாவம், தெரியாமல் செய்துவிட்டான்" என்று யாரும் பரிதாபப்படக் கூடாது.

வீட்டில் இரண்டடி நீளத்தில் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தேன். உள்ளே கொஞ்சம் பவளம், கொஞ்சம் பாறை, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கிளவுன் மீன் ஒரு ஜோடி. தொட்டி என்னுடையது. மீன்கள் என் மனைவி திலகாவுடையவை. பெரியது பெண், அதன் பெயர் மேடம். சின்னது ஆண், சார். இந்த ஜாதியில் பெண்தான் முதலாளி. மேடம் பக்கத்தில் வந்தால் சார் உடம்பை ஆட்டி ஆட்டி நடுங்குவார். ("அதப் பாத்தாச்சும் கத்துக்குங்க" என்பாள் திலகா.) கிளினிக்கில் நர்ஸ் வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் மேடத்துக்கு இரை போட்டுக்கொண்டே ஐந்து நிமிஷம் பேசுவாள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். மேடமும் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஆமாம் ஆமாம் என்பது போல.

ஒருநாள் சுங்கை பூலோவில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஐந்தடித் தொட்டி. பவளங்கள் காற்றில் ஆடும் பூந்தோட்டம் மாதிரி ஆடின. திரும்பி வந்து என் தொட்டியைப் பார்த்தால் ஊறுகாய் ஜாடி போல இருந்தது.

"ஐந்தடி வாங்கப் போறேன்" என்றேன்.

திலகா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வாங்குங்க. ஆனா மேடத்துக்கு ஏதாச்சும் ஆச்சு, நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். மேடம் இல்லாத வீட்ல பேசறதுக்கு நீங்க மட்டும்தான் இருப்பீங்க. அது எனக்குப் பத்தாது."

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

தொட்டியைப் பொருத்த மீன் கடையிலிருந்து குமரன் என்ற ஆள் வந்தான். கெட்டிக்காரன். பெரிய தொட்டிகளுக்கு அடியில், அலமாரிக்குள், இன்னொரு தொட்டி இருக்கும். மேலே உள்ள தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஒரு பைப் வழியாகக் கீழே விழும். அங்கே ஒரு துணிப்பையில் வடிந்து சுத்தமாகும். பிறகு பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். குமரன் எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, கீழ்த்தொட்டியின் கண்ணாடியில் கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டான்.

"அண்ணே, இந்தக் கோட்டுக்கு மேல தண்ணி ஊத்தாதீங்க லா. பம்ப் நின்னா மேல உள்ள தண்ணி கொஞ்சம் கீழ எறங்கும். அதுக்கு எடம் வேணும்."

"ம்."

"அப்புறம் மேல ஏத்துற பைப்ல சின்னதா ஒரு ஓட்ட போட்டிருக்கேன். பம்ப் நின்னா அது வழியா காத்து உள்ள போவும், தண்ணி திரும்ப இழுக்காது. அத அடைச்சிராதீங்க."

"டேய், நான் முப்பது வருஷமா பம்ப்போட குடும்பம் நடத்துறவன். எனக்கே பாடமா?"

"இல்லண்ணே, சொல்லி வைக்கிறேன்" என்று போய்விட்டான்.

உப்புத் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும். கோடு வரை மட்டும் ஊற்றினால் அடிக்கடி ஊற்ற வேண்டும். அது மட்டுமா, கண்ணாடியில் அந்தக் கறுப்புக் கோடு. என் வீடு, என் தொட்டி, எவனோ கோடு போட்டுவிட்டுப் போகிறான். துணியை எச்சிலில் நனைத்துத் தேய்த்தேன், அழிந்தது. கீழ்த்தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். இரண்டாம் நாள் அந்தச் சின்ன ஓட்டை 'சர்ர்ர்' என்று துப்பிக்கொண்டே இருந்தது. செய்தி கேட்க முடியவில்லை. ஒட்டுநாடாவை நாலு சுற்று சுற்றி அடைத்தேன். வீடு அமைதியானது. குமரனை நினைத்துச் சிரித்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தேன், திலகாவுக்குப் பயந்து. புதுத் தொட்டி பக்குவப்பட வேண்டும் என்று முழுசாக ஒரு மாதம் வெறும் தண்ணீரை ஓட விட்டேன். அந்த ஒரு மாதமும் பம்ப் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. லோரியில் பிரேக் மாற்றினால் ஓட்டி, நிறுத்திப் பார்க்காமல் வெளியே விட மாட்டேன். வீட்டில் மட்டும் புத்தி செருப்போடு வாசலில் நின்றுவிடுகிறது.

மேடமும் சாரும் குடிபோக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காலண்டரில் நல்ல நேரம் பார்த்தேன். புது கார் வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், ஐந்தடிக் கடல் வந்திருக்கிறது, ஒரு கற்பூரமாவது காட்ட வேண்டாமா? கண்ணுபட்டால் என்ன ஆவது?

"மீன விட்டா போதாதா, ஆளுங்க எதுக்கு?" என்றாள் திலகா.

நான் கேட்கவில்லை. கண்ணுபடக் கூடாது என்பதற்காகப் பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டேன். முப்பத்தாறு கண்கள். வரிசையாக உட்கார வைத்துத் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். ஜெஞ்சாரோமிலிருந்து என் அக்கா, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து திலகாவின் அண்ணன் சண்முகம், அவரவர் பட்டாளம். வாழையிலைச் சாப்பாட்டுக்கும் சொல்லியிருந்தேன்.

பழைய தொட்டியைக் காலி செய்து, பாறையையும் பவளத்தையும் மாற்றி, மேடத்தையும் சாரையும் புதுத் தொட்டியில் விட்டாள் திலகா. மேடம் ஒரு சுற்று சுற்றி வந்து, மூலையில் நின்று, எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, கற்பூரத்தை ஏற்றினேன். அணைந்தது. மறுபடி ஏற்றினேன். அணைந்தது.

"ஃபேன் காத்து அடிக்குதுல்ல? மாமா, அந்த ஃபேன அடைங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

சண்முகம் மச்சான் சுவரோரம் நின்றிருந்தார். ஸ்டாண்ட் ஃபேனின் சுவிட்சும் பம்ப்பின் சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில். எது ஃபேன் என்று தெரியவில்லையாம். ஒன்று தப்பானாலும் இன்னொன்று சரியாக இருக்கும் என்று இரண்டு சுவிட்சையும் அடைத்து நிறுத்தினார்.

கற்பூரம் நின்று எரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மூன்று சுற்று காட்டினேன். காலில் ஈரம் பட்டது. பக்தியில் உடம்பு சிலிர்க்கிறது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

"டேய் தம்பி, தண்ணிடா!" என்று அக்கா அலறினார்.

கண்ணைத் திறந்தேன். அலமாரிக் கதவு இடுக்கில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே தொட்டியில் நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்கக் கடல். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பட்டுப் புடவையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரில் தண்ணீர் பட்டு, மெயின் சுவிட்ச் 'டப்' என்று விழுந்தது. வீட்டுக்குக் கரன்ட் போனது. அது விழுந்ததால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

"யார்ரா சுவிட்ச தொட்டது?"

"நீங்கதானே ஃபேன அடைக்கச் சொன்னீங்க மாப்ள!"

"ஃபேனத்தானே மச்சான் சொன்னோம்!"

"அதையும்தான் அடைச்சேன்!"

என் கையில் எரிகிற கற்பூரத் தட்டு. தரையில் வைக்கக் கூடாது. வைக்க வேறு இடமும் இல்லை. ஒரு கையில் தட்டு, மறு கையில் கைப்பேசியுடன் கூடத்தில் அங்கும் இங்கும் ஓடினேன். அந்த ஓட்டத்திலும் இரண்டு பேர் மறித்து, தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

குமரன் எடுத்தான். ஒரு கை போதவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன். அது இன்னொரு தப்பு.

"குமரா, தண்ணி நிக்க மாட்டேங்குது!"

"பதறாதீங்கண்ணே. கோடு வரைக்கும்தானே ஊத்தியிருக்கீங்க? அப்படின்னா வெளிய வராதே?"

நான் கற்பூரத் தட்டைப் பார்த்தேன். பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே... அந்த ஓட்டைய அடைச்சிட்டீங்களா?"

"லேசா."

"லேசான்னா எப்படிண்ணே? அந்தப் பைப்ப தண்ணிக்கு மேல தூக்குங்க! ஒடனே!"

தூக்கினேன். கொட்டுவது நின்றது. இவ்வளவுதான். ஒரு பைப்பை நாலு அங்குலம் தூக்கத் தெரியாத பம்ப் நிபுணன், கையில் கற்பூரத்தோடு நின்றேன். சண்முகம் மச்சான் தன் தோல் செருப்பைத் தூக்கிப் பிடித்து, சொட்டும் உப்புத் தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் திலகாவின் குரல் கேட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மேடம் எங்க?"

தொட்டியைப் பார்த்தேன். பாறை இருந்தது, பவளம் இருந்தது. மேடம் இல்லை. சாரும் இல்லை.

பதினெட்டுப் பேரும் மண்டியிட்டார்கள். சோபாவுக்கு அடியில், மாலைக்குள், பாயைச் சுருட்டி, வாசலில் கிடந்த ஒவ்வொரு செருப்பாகக் கவிழ்த்துத் தேடினார்கள். நான் தட்டை ஒரு கையில் நீட்டிப் பிடித்தபடி குப்புறப் படுத்து அலமாரிக்கு அடியில் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். ஊறிப்போன தூசியும் தொலைந்துபோன ஒரு ஸ்பேனரும்தான் தெரிந்தன. திலகா எங்கும் தேடவில்லை. தொட்டி முன்னால் நின்று மேடம் நின்ற அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இரை டப்பா. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. வொர்க்‌ஷாப் ஆரம்பித்த நாளிலிருந்து கோபம் வராத முதல் நிமிஷம் அதுதான்.

"ஹலோ? அண்ணே?" ஸ்பீக்கரில் குமரன் இன்னும் இருந்தான். "மீனக் காணோம்னா அந்தத் துணிப்பைய பாருங்க. பயந்தா விளிம்பத் தாண்டிக் குதிச்சு அங்கதான் போவும்."

திலகா என்னைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்து, கீழ்த்தொட்டியில் தொங்கிய துணிப்பையை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினாள். பாதித் தண்ணீர். அதற்குள் மேடம். ஒரு செதில் குறையவில்லை. திலகாவைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அன்றைக்குச் சொல்ல அதற்கும் நிறைய இருந்திருக்கும். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு, நடுங்கியபடி, சார்.

திலகா அழுதுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாருங்க. மேடம் விழுந்ததும் சாரும் கூடவே குதிச்சிருக்காரு. நீங்க தட்ட வச்சிக்கிட்டு ஓடிட்டு இருந்தீங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரித்த சிரிப்பில் ஈரத் தரையில் உட்கார்ந்தே விட்டார். திலகா அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டாள் என்று தெரிந்ததும் நானும் சிரித்தேன். கற்பூரம் தானாக அணைந்திருந்தது.

மீன்களைப் புது வாளி ஒன்றில் வைத்தோம். குமரன் அரைமணி நேரத்தில் வந்தான். பைப்பில் இருந்த ஒட்டுநாடாவைப் பிரித்தான், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சுற்று, எல்லார் முன்னாலும். பிறகு பேனாவை எடுத்து, கீழ்த்தொட்டியில் பழைய இடத்திலேயே கோடு போட்டான். இந்த முறை விரல் தடிமனுக்கு. வயரைத் துடைத்து, மெயின் சுவிட்சைப் போட்டு, பம்ப்பை ஓட விட்டு, நிறுத்தி, மறுபடி ஓட விட்டுக் காட்டினான். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பிறகு எல்லாரும் ஈரக் காலோடு கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து இலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். குமரனுக்குப் பாயசம் நானே பரிமாறினேன். "கோடு வரைக்கும் ஊத்துங்க மாப்ள" என்றார் மச்சான்.

அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. ஒரு சொட்டு அதைத் தாண்டியதில்லை. பவளமெல்லாம் இன்று கை அகலத்துக்கு வளர்ந்திருக்கிறது. வேலை முடிந்து வந்து, தேநீர் டம்ளரோடு அதற்கு முன்னால் உட்கார்ந்தால், அன்றைய லோரிகளெல்லாம் மறந்துபோகும். மேடத்தின் தர்பார் நடக்கிறது. திலகாவின் புகார்களும் நடக்கின்றன. இப்போது ஐந்தடி நீளத்துக்குப் பேச இடம் இருக்கிறது.

ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்தப் பூஜையாக இருந்தாலும், கற்பூரம் ஏற்றும் முன் ஒருவர் "பிளக்?" என்று கேட்பார். இன்னொருவர் போய், பிளக் சுவிட்சை யாரும் தொடாதபடி சுவரோரம் நின்றுகொண்டு "ஆச்சு!" என்பார். அதன் பிறகுதான் மணி அடிக்கும்.

போன மாதம் ஜெஞ்சாரோமில் அக்கா மகனுக்குப் புதுவீடு புகுவிழா. அந்த வீட்டில் ஒரு மீன்கூட இல்லை. அவன் மனைவி குடும்பத்துக்குப் புதிது. எதையும் விட்டுவிடக் கூடாது என்று மாமியாரிடம் கேட்டுக் கேட்டுச் செய்கிற பெண். நான் உள்ளே நுழைந்தபோது வாசற்படிக்குச் சந்தனம் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். சுவரோரம் போய், பிளக் சுவிட்சுக்கும் விபூதி பூசி, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, பக்தியோடு ஒரு கும்பிடு போட்டாள்.

"மாமா, சரியா வச்சிருக்கேனா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"சரியா இருக்கும்மா" என்றேன்.