தாத்தா செத்த பிறகு வாங்கிய ரிவால்வர்

பெல் ஃபோர்க், மிசௌரி
நவம்பர் 9

பெருமதிப்புக்குரிய மைத்துனர் வெர்னன் ஸ்டிரிக்லர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் ட்வைட் எழுதிக்கொள்வது. நான் நலமில்லை. நீங்களும் உங்கள் மாடுகளும், போன குளிர்காலத்தில் மாற்றிவைத்த வலது முழங்காலும் நலமாக இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும். இந்தக் கடிதத்தை நீங்கள் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவீர்கள் என்று உங்கள் தங்கை லொரெட்டா நாயிடம் சொன்னாள். ஜூலை நான்காம் தேதியிலிருந்து அவள் என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. எல்லாம் நாய் வழியாகத்தான். "பஸ்டர், இந்த வருஷம் வான்கோழி விருந்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்கு நீயும் நானும் மட்டுந்தான் போறோம். இன்னொரு ஆளுக்கு டின் சூப் வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள் நேற்று. நாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. பத்தொன்பது வருடமாக உங்கள் மேசையில் உருளைக்கிழங்கு மசியலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அந்த நாற்காலியைத் திருப்பிக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பாழாய்ப்போன துப்பாக்கிப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் துப்பாக்கிச் சந்தைக்குப் போனது உலர்த்திய மாட்டுக்கறி வாங்க. அங்கே ஒரு மேசையில் நீலம் பாய்ந்த ஹாலோவே கம்பெனி ரிவால்வர் ஒன்று கிடந்தது. கையில் எடுத்தேன், கறி வாங்க மறந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஹாலோவேயில் நான்கு அங்குலக் குழல் உண்டு, ஆறு அங்குலம் உண்டு, நான்கு திருகாணி வைத்தது உண்டு, ஐந்து திருகாணி வைத்தது உண்டு, எல்லாம் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி, ஒன்றை வாங்கினால் மற்றதெல்லாம் அநாதையாக அழும். அந்த ஐந்தாவது திருகாணியைத் தேடி நான் மூன்று மாநிலம் வண்டி ஓட்டினேன். "திருகாணி தேடி அவ்வளவு தூரம் எதுக்குப் போறீங்க? உங்களுக்கு மரை கழண்டது இங்கேயேதானே நடந்துச்சு" என்றாள் லொரெட்டா. அப்போதெல்லாம் என்னிடம் நேராகவே பேசிக்கொண்டிருந்தாள், பாவம். வாங்கியதைச் சுட்டேனா என்றால் அதுவும் இல்லை. சுட்டால் மதிப்பு போய்விடும் மச்சான். வெள்ளைக் கையுறை போட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும். நான்கு வருடத்தில் ஒரு தகர டப்பாவைக்கூடக் காயப்படுத்தியதில்லை. சுட்டுத் தள்ளியதெல்லாம் நம் குடும்பத்தைத்தான்.

உங்கள் தாத்தா அமோஸ் ஸ்டிரிக்லர் 1912-ல் ரயிலடியில் இரண்டு வங்கிக் கொள்ளைக்காரர்களை ஒரே ஹாலோவேயால் மடக்கியவர் என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். வருடா வருடம் ஜூலை நான்கு ஊர்வலத்தில் நீங்கள் அந்த ரிவால்வரை வெல்வெட் மெத்தையில் வைத்து, தாத்தாவின் தொப்பியையும் போட்டுக்கொண்டு, டிரக்கில் நின்று வருவதைப் பார்த்தால் எனக்கே கை தானாக சல்யூட் அடிக்கும். அதனால்தான் உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு வேறு யாருக்கும் தோன்றாத பரிசு தர நினைத்தேன். எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று துப்பாக்கியை வாங்கிப்போய், படம் எடுத்து, அதன் எண்ணைக் குறித்துக் கம்பெனிக்கு எழுதினேன். அங்கே பழைய ஏடுகளைப் புரட்டி, இந்தத் துப்பாக்கி என்றைக்கு, எந்த ஊருக்குப் போனது என்று முத்திரை வைத்துக் கடிதம் அனுப்புவார்கள். கடிதம் வந்தது. மனிதனாகப் பிறந்தவன் முதலில் பிரித்துப் படித்திருப்பான். நானோ, இந்த ஜூலை நான்கு ஊர்வலம் முடிந்து ஊரே கூடிய தேவாலயப் புல்வெளியில், கையில் மைக்கோடு பிரித்தேன்.

"1938 மார்ச் மாதம் செயின்ட் லூயிஸில் ஒரு இரும்புக் கடைக்கு அனுப்பப்பட்டது" என்று படித்தேன். படித்த வேகத்தில் பொருள் உறைக்கவில்லை. தாத்தா காலமானது 1931-ல். கம்பெனிக் கடிதத்தில் குழல் ஆறு அங்குலம் என்றிருந்தது, உங்களுடையது நான்கு. அங்கேயாவது வாயை மூடினேனா? "உங்க குடும்பத்துல யாரோ குழலை அறுத்திருக்காங்க" என்று மைக்கிலேயே விளக்கமும் கொடுத்தேன். அந்த வாயாடி கர்டிஸ் பாக்ஸ், பின்வரிசையிலிருந்து, "என்னப்பா வெர்னன், உங்க தாத்தா செத்த பிறகும் டியூட்டி பார்த்தாரா? ஓவர்டைம் யார் குடுத்தா?" என்று கத்தினான். ஊர் சிரித்தது. நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். "ட்வைட், உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணினேன்?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். கத்தியிருந்தால் இந்நேரம் நான் மறந்திருப்பேன்.

அடுத்த வாரமே அந்தப் போலித் துப்பாக்கி கண்ணில் படக்கூடாது என்று, அதே கர்டிஸிடம் கொடுத்து, பதிலுக்கு அவனுடைய பழைய ஃப்ரீசர் பெட்டியை வாங்கிக்கொண்டீர்கள். கேட்டு நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. லொரெட்டா சமைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

மச்சான், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பதினோரு ஹாலோவேக்களையும் விற்றாயிற்று. கையுறைகளை லொரெட்டா பாத்திரம் துலக்க எடுத்துக்கொண்டாள். என் துப்பாக்கிப் படத் தொகுப்பை, எங்கள் துப்பாக்கி சேகரிப்போர் க்ளப் பெரியவர் ஆர்வில் வீட்டு வாசலில் இன்று காலை வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டு, முகம் காட்டாமல் ஓடி வந்தேன். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஓடியது அதுவே முதல் தடவை. உண்மையைக் கண்டுபிடித்தவன் என்ற பெருமை எனக்கு வேண்டாம். அந்த உண்மையை வைத்து நான் என்ன செய்ய? சூப்பில் தொட்டுத் தின்னவா? மூலையில் ஒரு முக்காலி போட்டால்கூடப் போதும். துப்பாக்கி பற்றி வாய் திறந்தால் பஸ்டரை என்மேல் ஏவிவிடுங்கள்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். மாடுகள் பெருகட்டும், முழங்கால் மடங்கட்டும், ஸ்டிரிக்லர் குலம் என்னைப் போன்ற மாப்பிள்ளை இனி ஒருவன் வாய்க்காமல் நீடூழி வாழட்டும்.

என்றும் தலைகுனிந்த,
ட்வைட் ஹெம்பல்

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டும்போது ஆர்வில் போன் செய்தார். "டேய் ட்வைட், வெர்னன் துப்பாக்கியோட கைப்பிடியைக் கழட்டி ஒரு படம் எடுத்திருக்கியே, அடியில வேற நம்பர் இருக்கே. நீ எதைக் கம்பெனிக்கு எழுதினே?" குண்டு போடும் உருளையை வெளியே தள்ளினால் உள்ளே தெரியும் எண்ணை என்றேன். "மடையா, அது ஃபாக்டரியில பாகம் மாறிப்போகாம இருக்கப் போடற அடையாளம்! துப்பாக்கி நம்பர் பிடியோட அடியிலதான் இருக்கும். நாலு வருஷமா க்ளப்புக்கு டோனட் தின்னவா வந்தே?" பட்டியலில் பார்த்துச் சொன்னார்: அந்த எண்ணுள்ள துப்பாக்கி கம்பெனியை விட்டுப் போனது 1911-ல். குழல் நான்கு அங்குலம். யாரும் எதையும் அறுக்கவில்லை.

சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. தயவுசெய்து அந்த ஃப்ரீசரில் கறி எதையும் அடுக்கிவிடாதீர்கள், திருப்பிக் கொடுக்கத் துடைத்து வையுங்கள். கர்டிஸிடம் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்கப் போகும்போது சந்தோஷத்தைக் காட்டாமல் முகத்தை எரிச்சலாக வைத்துக்கொள்ள வேண்டும். அது சிரமமாக இருந்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். எரிச்சல் தானாக வரும்.