மூலக்கூறுகளுக்கு ஒழுக்கம் கற்பித்தவர்

செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் உயிரியல் துறைத் தலைவராக டாக்டர் சுப்புராமன் வீற்றிருந்த எழுபதுகளின் கடைசியில், அவர் அனுமதியில்லாமல் ஓர் அணுகூட அசைந்ததில்லை.

அப்படிப்பட்ட இடத்தில்தான் விரிவுரையாளர் வச்சலா ஒரு கலகம் செய்தாள். உயிருள்ள செல்லுக்குள் மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்ற நீள இழை எழுதப்படுகிறதல்லவா? வால் எழுதி முடியும் முன்பே தலை மடியத் தொடங்கிவிடுகிறது, ஆரம்பத்தில் கோணலாக மடிந்தால் பிறகு நிமிர்வது கஷ்டம் என்றாள். வருடக்கணக்கில் கண் எரிய உழைத்துக் கண்டது. மாமல்லபுரம் கருத்தரங்கில் அதைக் கட்டுரையாகப் படிக்க வேண்டும் என்பது அவள் உயிர் ஆசை.

"முழுசா வெளியே வராதது எப்படிம்மா மடியும்? ஃபைல் முடிஞ்ச பிறகுதானே மடிச்சுக் கட்றோம்?" என்றார் தலைவர்.

துறைக் கூட்டத்தில் வச்சலா இடியாப்பம் பிழிந்தே காட்டினாள். அச்சிலிருந்து இறங்க இறங்கவே இழை சுருண்டது. உறுப்பினர்கள் 'சான்றுகளை' ஆழ்ந்து பரிசீலித்தார்கள்.

"தேங்காப்பாலு இன்னும் கீது சார், ஊத்தவா?" என்றார் அட்டெண்டர் ஜம்புலிங்கம்.

ஊற்றப்பட்டது. இடியாப்பம் ஏகமனதாகப் பாராட்டப்பட்டது. கட்டுரை ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

கருத்தரங்கன்று கடலோர ஓட்டல் வாசலில், சென்னையிலிருந்து வந்த கல்லூரிக் கல்வி டைரக்டர் ராஜாராமின் கார் நின்றது. கதவு திறப்பதற்குள் சுப்புராமன் பாதி குனிந்திருந்தார். பின்னால் வச்சலா நின்றாள்.

"எழுதும்போதே ஆர்.என்.ஏ. மடியுதுன்னு உங்க காலேஜ்ல ஒரு அம்மா சொல்றாங்களாமே, அது..." என்று டைரக்டர் ஆரம்பித்தார்.

"சுத்தப் பிதற்றல் சார். நான்தான் தடுத்தேன்."

"...அதைக் கேட்கத்தான் நானே வந்தேன்."

சுப்புராமன் இன்னும் கொஞ்சம் குனிந்தார். அந்தப் பெண் சொன்ன விதம்தான் பிதற்றல், கருத்து தன்னுடையது, தானே படிக்கப்போவதாகச் சொன்னார். படிக்கவும் செய்தார். தன் உழைப்பு அடுத்தவர் வாயிலிருந்து வருவதை வச்சலா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

"உயிருள்ள ஒன்றில் இது நடப்பதைக் கண்ணால் பார்த்தீர்களா?" என்று யாரோ கேட்டார்கள். சுப்புராமன் தண்ணீர் குடித்தார்.

வச்சலா எழுந்தாள். "நான் பார்த்தேன் சார். காலையில, இந்த வாசல்ல. டைரக்டர் பேசி முடிக்கிறதுக்குள்ள மடிஞ்சது. கோணலா மடிஞ்சதால இன்னும் நிமிரல."

டைரக்டரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பா கோபமா என்று தெரிவதற்குள், டாக்டர் சுப்புராமன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.