அருள் வந்த ஹெட்லைட்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனிடம் "கார் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "எல்லாம் ஓகே, ஒரே ஒரு சாமான்தான் கிடைக்கல" என்று ஆரம்பிப்பான். அந்த ஒரே ஒரு சாமானின் கதை முடிவதற்குள் உங்கள் தே தாரிக் ஆறி ஆடை கட்டிவிடும். எனக்குத் தெரியும். கிள்ளானில் அப்படி ஆறிப்போன தே தாரிக்குகளில் பாதி என்னால் ஆறியவை.

என் கார் ஜப்பானில் பிறந்த சிவப்பு நிற இரண்டு சீட் வண்டி. என் காதலி விமலாவைவிட வயதில் மூத்தது. (இதைப் பெருமையாக அவளிடம் சொன்னபோது, "அப்போ அதையே கட்டிக்கோ லா" என்றாள்.) அதன் அழகே ஹெட்லைட்தான். விளக்குகள் இரண்டும் பானட்டுக்குள் ஒளிந்து கிடக்கும். சுவிட்சைப் போட்டால் தண்ணீரிலிருந்து தவளை எட்டிப் பார்ப்பதுபோல் இரண்டும் மேலே எழும்பும். ஒருநாள் இடது விளக்கு எழுந்தது, வலது விளக்கு எழவில்லை. பார்ப்பவர்களுக்கு என் கார் கண்ணடிப்பதுபோல் இருந்தது.

காரணம் ஒரு தகடு. விளக்கைத் தூக்கும் சின்ன மோட்டாரைக் காரின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் மவுண்ட், துருப்பிடித்து முறிந்துவிட்டது. உள்ளங்கை அளவுதான். ஆனால் அதைச் செய்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஜப்பான் கார்களைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து விற்கும் ஹாஃப்கட் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினேன். கடைசிக் கடையின் சீன முதலாளி, முறிந்த தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாஸ், இனி பாராங் சூடா தாக் அடா லா" என்றார். இந்தச் சாமான் இனி உலகத்திலேயே இல்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு, துக்க வீட்டில் தட்டுவதுபோல் என் தோளில் தட்டினார்.

வேறு சமயமாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை விமலாவின் அப்பா என் காரைப் பார்க்கப் போகிறார். அவர் சாதாரண அப்பா இல்லை. வாழ்நாள் முழுக்க அரசாங்கத்தில் வாகனப் பரிசோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஃபெயில் ஆக்கிய லோரிகளை வரிசையாக நிறுத்தினால் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஷா ஆலம் வரை ஜாம் ஆகும்.

"அப்பாவுக்கு ஒரே கணக்குதான்" என்றாள் விமலா. "வண்டிய ஒழுங்கா வச்சிருந்தா ஆளும் ஒழுங்கு. கோயிலுக்குக் கார கொண்டு வா, பூஜை போடு. அப்பாவும் அங்கதான் இருப்பாரு. பார்த்துட்டுப் புடிச்சிருந்தா நம்ம விஷயத்த பேசிடலாம்."

"புடிக்கலைன்னா?"

"டெங்கில் ஊர்லருந்து ஒரு மாப்பிள்ள வீட்ல கேட்டிருக்காங்க, அவங்களுக்கு ஓகே சொல்லிடுவாரு."

டெங்கில் மாப்பிள்ளைக்குப் புத்தம் புது காராம். அதில் எல்லா விளக்கும் எரியுமாம்.

ஆகவே மவுண்ட்டை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். நான் வேலை பார்ப்பது கையுறைத் தொழிற்சாலையில். கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அந்தத் தகுதியோடு இரும்பு வேலைக்குக் கிளம்பினேன். பிஸ்கட் பெட்டியின் அட்டையில் தகட்டை வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு, தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் நண்பன் தினேஷின் பட்டறைக்குப் போனேன். தினேஷ் வருஷம் முழுக்க வீட்டு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்வான். தைப்பூசம் நெருங்கினால் காவடி செய்வான். சும்மா இருக்கும் நேரத்தில் உறுமி அடிப்பான்.

"மூலையில தடி இரும்பு கெடக்கு பாரு, அதுல வெட்டிக்க" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பாடு வாங்கப் போனான்.

மூலையில் பார்த்தேன். தடி இரும்பு கறுப்பாக, அழுக்காக, மாமியார் முறைப்பதுபோல் கிடந்தது. ஆனால் மேசைமேல் இருந்ததோ பளபளவென்று ஒரு எவர்சில்வர் தகடு. சரியான வளைவு, சரியான அகலம். இரண்டு ஓட்டைகள்கூட ஏற்கெனவே போட்டிருந்தன. என் அட்டையை மேலே வைத்தேன். அப்படியே பொருந்தியது! முருகனே செய்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். (பாதி உண்மை. முருகனுக்காகச் செய்ததுதான்.) விரலால் அழுத்தினால் லேசாகத் துள்ளியது. "ஆகா, ஸ்பிரிங் மாதிரி இருக்கே, குழியில விழுந்தாலும் முறியாது" என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு ஓரத்தை அறுத்து, அரம் போட்டுத் தேய்த்து, தினேஷ் வருவதற்குள் காரில் மாட்டியும் விட்டேன். சுவிட்சைப் போட்டேன். இரண்டு விளக்கும் எழுந்தன. நானும் எழுந்து ஆடினேன்.

வெள்ளிக்கிழமை காலை. பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் வாசலில் கழுவித் துடைத்த காரை நிறுத்தினேன். டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. விமலாவின் அப்பா மடிப்புக் கலையாத சட்டையில், பாக்கெட்டில் குட்டி டார்ச்லைட்டோடு வந்து நின்றார். (ஓய்வு பெற்றாலும் டார்ச்லைட் ஓய்வு பெறவில்லை.) காரை ஒரு சுற்று சுற்றினார். டயரைத் தட்டினார். கதவைத் திறந்து மூடினார். "ம்ம்" என்றார். விமலா எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள்.

"தம்பி, உள்ள ஒக்காந்து இஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க, லைட்டையும் போடுங்க" என்றார் குருக்கள்.

போட்டேன். இடது விளக்கு கம்பீரமாக எழுந்து நின்றது. வலது விளக்கும் எழுந்தது. ஆனால் நிற்கவில்லை. கொஞ்சம் தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. பழைய இஞ்சின் அல்லவா, அதன் நடுக்கத்துக்கு மெதுவாகத் தலையாட்டுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பால்குட ஊர்வலம் ஒன்று வாசலுக்கு வந்தது. முன்னால் உறுமி மேளம். மேளக்காரர்களில் தினேஷும் இருந்தான். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் நேராக என் காருக்கு முன்னால் வந்து நின்று அடிக்க ஆரம்பித்தான்.

விளக்கு ஆடத் தொடங்கியது. சும்மா இல்லை, தாளம் தப்பாமல். மேளம் மெதுவானால் மெதுவாக, வேகமானால் வேகமாக. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பச்சைப் புடவை ஆன்டி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, வண்டிக்கு அருள் வந்திருச்சு!" என்று கத்தி, ஒரு பிடி விபூதியை பானட்டில் பூசினார். குனிந்து, ஆடுகிற விளக்கைப் பார்த்துப் பக்தியோடு கேட்டார். "யாரு வந்திருக்கீங்க?"

பதற்றத்தில் என் முழங்கை ஹாரனில் பட்டது. பீப்!

"பதில் சொல்லுது!" என்றார் ஆன்டி. மேளம் உச்சத்துக்குப் போனது. விளக்கும் கூடவே உச்சத்துக்குப் போனது. "சொல்லுங்க சாமி, என்ன வேணும்?"

நான் சுவிட்சை அணைத்தேன். இடது விளக்கு சமத்தாக உள்ளே போனது. வலது விளக்கு பாதியில் சிக்கி இன்னும் குதித்தது. இனி என்னைக் காப்பாற்ற ஒரே ஒருத்தியால்தான் முடியும். ஜன்னலில் தலையை நீட்டி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"விமலா!"

மேளம் நின்றது. ஆன்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி விமலாவ கேக்குது! யாரும்மா இங்க விமலா?"

விமலா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். எனக்கு அந்தக் காரோடு அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் போலிருந்தது. டெங்கில் மாப்பிள்ளை தன் புதுக் காரில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவது கண்ணில் தெரிந்தது.

விமலாவின் அப்பா நிதானமாக முன்னால் வந்தார். மேளம் நின்ற பிறகு விளக்கும் நின்றிருந்ததைக் கவனித்தார். தினேஷிடம், "கொஞ்சம் அடிங்க தம்பி" என்றார். அடித்தான். ஆடியது. குனிந்து, ஜன்னல் வழியாக என் காலைப் பார்த்தார்.

"தம்பி, மொதல்ல ஆக்சிலரேட்டர்லருந்து கால எடுங்க."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உறுமி கேட்டதும் என் கால் தன்பாட்டுக்குத் தாளம் போட்டிருக்கிறது. உறுமி கேட்டே வளர்ந்த கிள்ளான்காரன் கால் வேறு என்ன செய்யும்? அது மிதிக்க மிதிக்க இஞ்சின் உதறியிருக்கிறது. இஞ்சின் உதற உதற விளக்கு துள்ளியிருக்கிறது.

அவர் டார்ச்லைட்டை விளக்குக்கு அடியில் அடித்தார். "என்ன மவுண்ட் இது?"

"நானே செஞ்சது, அங்கிள்."

தினேஷும் எட்டிப் பார்த்தான். "டேய் சரா! இது என் காவடித் தகடுடா! மயிலிறகு ஆடுறதுக்கு வச்சிருந்த ஸ்பிரிங் தகடு! நாலு நாளா பட்டறையவே பெரட்டிப் போட்டுத் தேடிக்கிட்டு இருக்கேன்!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் பறந்தன. விமலாவின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பச்சைப் புடவை ஆன்டியிடம் திரும்பி, "விமலா என் பொண்ணு. வண்டிக்கெல்லாம் குடுக்க மாட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது. "சரியான மவுண்ட்ட போட்டுட்டு வீட்டுக்கு வாங்க. பேசுவோம்."

கற்பூரம் காட்டி முடிக்கும்வரை அந்த விளக்கைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

அந்த அழுக்குத் தடி இரும்பில் மவுண்ட் செய்தேன். முதலில் கொண்டுபோனதை ஃபெயில் ஆக்கினார். பிறகு அவர் வீட்டுப் போர்ச்சிலேயே, அவர் டார்ச் பிடிக்க, நான் அரம் போட, ஒன்று செய்தோம். அது இன்றும் காரில் அசையாமல் இருக்கிறது. காவடித் தகடு, தினேஷிடம் திரும்பிப்போய் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஆடுகிறது. எல்லோரும் மயிலிறகைக் கும்பிடும்போது நான் மட்டும் என் பழைய மவுண்ட்டைக் கும்பிடுகிறேன்.

கால் ஆட்டும் பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் ஆட்ட ஆரம்பித்தால், மாமனார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "விமலா, என்ன வேணும்னு கேளு" என்பார். வீடே சிரிக்கும். இதை அவர் ஆரம்பித்து வைத்தது எங்கள் கல்யாண மேடையில். தாலியை வாங்கிய என் கை வெடவெடவென்று ஆடியது. மாமனார் நெருங்கி வந்து என் நெற்றியில் விபூதி வைத்தார். "யாரு வந்திருக்கீங்க? என்ன வேணும்?" என்று காதோடு கேட்டார்.

"விமலா" என்றேன்.

"எடுத்துக்கோங்க" என்றார்.

கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் தாலி கட்டுகிறவனும் சிரிக்கிறான், கட்டிக்கொள்கிறவளும் சிரிக்கிறாள். மாமனார் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.