மாதிரிக்குப் போட்டது

மாதிரிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவர் கையில் எந்தக் காரியமும் கெட்டதே கிடையாது. கெட்டதெல்லாம் மாதிரிக்குச் செய்தது.

எங்கள் ஊர் மிச்சிகனின் வடகோடி. ஐந்து மாதம் பனி, ஐந்து மாதமும் ரோட்டில் உப்பு. அது காரின் அடிவயிற்றைத் தின்று ஏப்ரலில் பிரேக் குழாயை ஓட்டையாக்கிவிடும். எந்த வாசலில் கார் முட்டுக்கொடுத்து நிற்கிறதோ, அங்கே காபிக் கோப்பையோடு மாதிரிக்காரரும் நிற்பார். கூப்பிட்டார்களா? எதற்குக் கூப்பிட வேண்டும்?

எங்கள் தெருவில் அவர் பெயர் ஆர்வோ. குழாய் வாயை விரிக்கும் கருவி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. இரவல் கேட்டால் தாராளமாகத் தருவார். கூடவே அவரும் வருவார்.

ஒரு நாள் இதில் மாட்டிக்கொண்டவள் எதிர்வீட்டுக் கார்லீன். திங்கட்கிழமை பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் புது வேலை. அங்கே போக பஸ் கிடையாது. அதற்கு முன், கார் பழுதான அன்றே மூன்று மணிக்கு, லைசென்ஸ் தேர்வு. தவறினால் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. காலையில் பார்த்தால் பிரேக் பெடல் தரைவரை போகிறது.

"இதுக்கா முகத்தத் தொங்கப் போட்டிருக்க? பத்து நிமிஷ வேலைம்மா!" என்றார் ஆர்வோ.

குழாயை அளந்து வெட்டி, பிசிறைத் தேய்த்து, கவ்வியில் இறுக்கி, ஒரு தரம் அழுத்தி வாயை விரித்து, மறுதரம் அழுத்தி விளிம்பை உள்ளே மடித்து, ஊதித் துடைத்து, வெயிலில் தூக்கிக் காட்டினார். "ரெட்டை மடிப்பு! எந்தக் கடையிலயாவது இப்படிப் போடுவானா?" உண்மையிலேயே அழகுதான்.

"நட்டு எங்க?" என்றாள் கார்லீன்.

நட்டு, காரின் மூடிமேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வாயை விரிப்பதற்கு முன்பே அதைக் குழாயில் கோர்த்திருக்க வேண்டும். விரித்தபின் எந்த மந்திரம் போட்டாலும் நுழையாது.

"இது மாதிரிக்குப் போட்டது" என்று வாயை வெட்டி எறிந்தார்.

அடுத்தது, நட்டைத் தலைகீழாகக் கோர்த்தார். அதுவும் மாதிரி. மூன்றாவதில் நட்டு சரி, திசை சரி. மீன் பிடித்த கதையை என்னிடம் சொல்லிக்கொண்டே அழுத்தியதில் மடிப்பு ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வெட்டினார். கார்லீன் குழாயைச் சக்கரத்தருகே வைத்துப் பார்த்தாள். இரண்டு விரற்கடை எட்டவில்லை. மணி ஒன்றரை.

"மாதிரி மூணு ஆச்சு. நிஜம் எப்ப வரும், ஆர்வோ?"

"குழாயக் கொஞ்சம் நீளமா வாங்கியிருக்கணும்மா நீ."

கார்லீன் தான் வாங்கி வந்த குழாய்ச் சுருளில் மிச்சமிருந்ததை எடுத்துப் புதிதாக வெட்டினாள். "முதல்ல நட்டு, முதல்ல நட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே இரு முனைகளையும் விரித்து மடித்தாள். ஆர்வோ போட்டதுபோல் பளபளக்கவில்லைதான். குழாயை மாட்டியபின் நான் பெடலை மிதிக்க, அவள் குழாய்க்குள் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினாள். பெடல் கல்லாக நின்றது. ஒரு சொட்டு கசியவில்லை.

நாலரை மணிக்கு லைசென்ஸோடு வந்தாள். தெருவே கை தட்டியது. ஆர்வோ எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார்.

"பாத்தீங்களா? நான் மூணு விதமாத் தப்பு செஞ்சு காட்டினதாலதான் இவளுக்குச் சட்டுனு பிடிபட்டுச்சு!"

கார்லீன் சிரித்துவிட்டாள். வேறென்ன செய்வாள்? கருவி அவருடையதாயிற்றே.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் உப்பில்லாத குழம்பை இறக்கிவிட்டு, "உடம்புக்கு நல்லதுன்னு குறைச்சுப் போட்டேன்" என்று சொன்னது யார்? எதற்கும் சட்டைப் பையை ஒரு தரம் தடவிப் பாருங்கள். கோர்க்க மறந்த நட்டு ஒன்று அங்கேயும் இருக்கும்.